தறிக் கொட்டகைக்கு ஹாலோ பிளாக் சுவர்

தறிக் கொட்டகை, நூல் வைக்கும் அறை, தானியக் கிடங்கு, மோட்டார் அறை முதலியவற்றைப் புதிதாகக் கட்டும் அங்கத்தினர்களில் பலர், இப்போது செங்கல்லை விட்டுச் சிமெண்டால் வார்த்த ஹாலோ பிளாக் கல்லை நாடி வருகின்றனர். கல் பெரியது, வேலை விரைவில் முடிகிறது. ஒன்பது அங்குலச் செங்கற் சுவரில் நூறு சதுர அடிக்கு ஏறத்தாழ 1,060 செங்கற்கள் செல்லும். எட்டு அங்குல ஹாலோ பிளாக் சுவருக்கு 113 கற்கள் போதும். மூட்டுகள் குறைவதனால் சாந்தும் வெகுவாகக் குறைகிறது. கல்லின் உள்ளே வெற்றிடம் இருப்பதால் அஸ்திவாரத்தின்மீது விழும் பாரமும் குறைவு.

இந்த நன்மைகள் யாவும் உண்மையே. ஆயினும் கட்டி முடித்த இரண்டொரு ஆண்டுக்குள் சுவர் வெடித்துவிட்டது, மழைக் காலத்தில் நீர் உள்ளே கசிகிறது, சுவரோரம் வைத்த நூல் பூஞ்சணம் பிடித்துவிட்டது என்னும் குறைகளும் நம் செவிக்கு எட்டாமல் இல்லை. கடன் வாங்கிக் கட்டிய கொட்டகையில், தவணை முடியும் முன்னே சுவர் பிளப்பது சிறிய துன்பமன்று. அவ்வாறு நேர்ந்தவர்கள் கல்லைப் பழிக்கிறார்கள். கல் வார்த்துக் கொடுத்தவரைப் பழிக்கிறார்கள். சில இடங்களில் அப்பழி பொருந்தவும் பொருந்தும். ஆனால் நாம் பார்த்தவரையில், பெரும்பாலான வெடிப்புகளுக்குக் காரணம் கட்டும் முறையே. செங்கல்லில் பழகிய கை, அங்கே நல்லதென்று கற்றுக்கொண்ட இரண்டு வழக்கங்களை இங்கேயும் கொண்டுவந்து விடுகிறது. கல்லை நன்றாக நனைப்பது ஒன்று. கலவையில் சிமெண்டைத் தாராளமாகச் சேர்ப்பது மற்றொன்று. செங்கல்லுக்கு நனைப்பது இன்றியமையாதது. சிமெண்ட் மிகுந்தால் உறுதி மிகும் என்ற எண்ணமும் இயல்பானது. ஹாலோ பிளாக்கிலோ இவ்விரண்டுமே சுவரைக் கெடுப்பவை.

இது புதிதாகக் கண்டுபிடித்த செய்தியுமன்று. அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் என்பவர் 1900-ஆம் ஆண்டில் இத்தகைய கல் வார்க்கும் இயந்திரத்தை உருவாக்கிய பின்னர் இத்தொழில் பல நாடுகளுக்கும் பரவிற்று. நம் நாட்டில் ஹாலோ பிளாக் கட்டடத்திற்கென்றே ஐ.எஸ். 2572 என்னும் விதித்தொகுப்பு 1963-ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று. 2005-இல் அது திருத்தப்பெற்றது. கல்லின் தரத்துக்கு ஐ.எஸ். 2185 இருக்கிறது. கல்லை நனைக்க வேண்டுவதில்லை என்பதும், சாந்து கல்லைவிட வலுக் குறைந்ததாய் இருக்கவேண்டும் என்பதும் அவ்விதிகளில் உள்ளவையே. ஏட்டிலிருக்கும் விதி சாரத்தின்மேல் ஏறுவதற்குத்தான் இத்தனை காலம் பிடிக்கிறது.

நனைத்தல் ஏன் ஆகாது?

சுட்ட செங்கல் சூளையிலேயே தன் ஈரத்தையெல்லாம் இழந்துவிட்டது. உலர்ந்த செங்கல்லின்மேல் சாந்தை இட்டால் அதன் நீரை வெகு விரைவில் உறிஞ்சிவிடும். சாந்து பிடிப்பின்றிப் பொடியாய்ப் போகும். ஆதலால் அதை நீரில் ஊறவைக்கிறோம். ஊறியதனால் செங்கல் குறிப்பிடத்தக்க அளவு பருப்பதும் இல்லை, உலர்ந்தபின் சுருங்குவதும் இல்லை.

ஹாலோ பிளாக் சுடப்பட்டதன்று, அது கான்கிரீட். கான்கிரீட் ஈரத்தில் சிறிது பருக்கும், உலர்கையில் சுருங்கும். நனைந்த கல்லைக் கொண்டு சுவர் எழுப்பினால் எல்லாக் கற்களும் சுவரில் இருந்தபடியே உலர்ந்து சுருங்கத் தொடங்குகின்றன. உலர்வதனால் ஏற்படும் சுருக்கம் நூற்றுக்கு 0.06-க்கு மேற்படலாகாது என்று தரவிதி கூறுகிறது. இது மிக அற்பமாகத் தோன்றலாம். இருபது அடி நீளச் சுவரில் கணக்கிட்டுப் பார்த்தால் மூன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. சுவரின் அடி அஸ்திவாரத்தோடும் தலை கூரையோடும் பிணைந்திருக்க, நடுவில் இவ்வளவு சுருக்கம் எங்கே போவது? ஜன்னல் மூலையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாய் மேலேறும் வெடிப்பாக அது வெளிப்படுகிறது.

எனவே கல் களத்திலேயே உலர்ந்து சுருங்கிவிடவேண்டும். வார்த்த கல்லைக் குறைந்தது 14 நாள் இடைவிடாது ஈரத்தில் வைத்துப் பதப்படுத்தவேண்டும். அதன்பின் 4 வாரம் உலரவிட்டே வேலைக்கு எடுக்கவேண்டும். ஆக, வார்த்த நாளிலிருந்து ஆறு வாரம். சென்ற வாரம் வார்த்த கல்லை இவ்வாரம் லாரியில் ஏற்றி அனுப்பும் களங்கள் பல உண்டு. கல் இறங்கும்போது அது என்று வார்த்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை. பச்சைக் கல் வந்துவிட்டால் அதைத் திருப்பி அனுப்ப இயலாதவர், தரையில் படாமல் பலகை மேலோ ஜல்லி மேலோ, காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்டு அடுக்கி, மேலே மட்டும் தார்ப்பாய் போர்த்திக் காத்திருப்பது நலம்.

மிகக் கடும் வெயிலில் கல் கொதித்துக் கிடந்தால், சாந்து படும் பரப்பில் மட்டும் ஈரத் துணியாலோ தூரிகையாலோ இலேசாக ஒற்றலாம். அதற்கு மேல் ஒரு குவளை நீரும் கூடாது.

கல்லைச் சோதிக்க வீட்டிலேயே ஒரு வழி உண்டு. நன்றாக உலர்ந்த கல் ஒன்றை நிறுத்துக் குறித்துக்கொண்டு, ஒரு நாள் முழுதும் நீரில் மூழ்கவைத்து, மேல் நீரைத் துடைத்து மீண்டும் நிறுக்கவேண்டும். எடை நூற்றுக்குப் பத்துக்கு மேல் ஏறினால் அக்கல் கூடாது. 18 கிலோ உள்ள கல் 19.8 கிலோவைத் தாண்டலாகாது என்பது கணக்கு. சோதித்த அக்கல்லையும் உலர்த்தியே பயன்படுத்தவேண்டும். விளிம்பு கையால் தேய்த்தாலே உதிரும் கல்லுக்குத் தராசு வேண்டியதில்லை.

கலவை

பாவை அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் முதலில் அறுவது இழைதான் என்பதை நெசவாளர்களுக்கு நாம் சொல்லவேண்டுவதில்லை. சுவரும் அவ்வாறே. வெயிலுக்கும் மழைக்கும் சுவர் நீளுகிறது, குறுகுகிறது. சாந்து கல்லைவிடச் சற்று இளகியதாக இருந்தால் அந்த அசைவு நூற்றுக்கணக்கான மூட்டுகளில் பகிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மயிரிழைகளாய் அடங்கிவிடும். சாந்து கல்லைவிட வலிமையாக இருந்தால் அசைவு பகிர்வதற்கு வழியில்லை. ஓரிடத்தில் சேர்ந்து கல்லையே பிளக்கும். மூட்டில் விழுந்த கோட்டைச் சுரண்டிச் சாந்து ஊட்டிவிடலாம். பிளந்த கல்லுக்கு அவ்வளவு எளிய மருந்து இல்லை.

1 பங்கு சிமெண்ட், 1 பங்கு நீற்றிய சுண்ணாம்புத் தூள், 6 பங்கு மணல் என்பது நல்ல அளவு. சுண்ணாம்பு சாந்தைக் குழைவாக்கும். நீரை விரைவில் இழக்காமல் பிடித்து வைக்கும். கல்லை நனைக்காமல் கட்டும்போது இக்குணம் பெரிதும் உதவுகிறது. மெல்லிய வெடிப்புகள் காலப்போக்கில் தாமே அடைபடுவதும் சுண்ணாம்பினால்தான். சுண்ணாம்பை அரைத்துக் கட்டிய பழைய வீடுகளைக் கண்டு வியக்கிறோம். நம் வீட்டுக் கலவையில் மட்டும் அதைச் சேர்க்க மறந்துவிட்டோம். நன்றாக நீறிய சுண்ணாம்பு அகப்படாத ஊரில் 1 பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் இட்டுக் கட்டலாம். 1-க்கு 3, 1-க்கு 4 என்று சிமெண்டைக் கூட்டுவதில் பணமும் போகிறது, சுவரும் போகிறது.

பங்குகளை மண்வெட்டியால் அளக்கும் வழக்கத்தை விட்டுவிடவேண்டும். 50 கிலோ சிமெண்ட் மூட்டையின் கொள்ளளவு ஏறத்தாழ 35 லிட்டர். அந்த அளவுக்கு ஒரு மரப்பெட்டி செய்துகொண்டால் ஒரு மூட்டைக்கு ஒரு பெட்டி சுண்ணாம்பு, ஆறு பெட்டி மணல் என்று சித்தாளும் பிழையின்றி அளப்பார். ஆற்று மணல் அரிதாகிவிட்ட இக்காலத்தில் எம்-சாண்டே பெரிதும் கிடைக்கிறது. அதனால் குற்றமில்லை, ஆனால் எம்-சாண்ட் என்ற பெயரில் கிரஷர் தூளைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. கையில் அள்ளி விட்டால் மாவுபோல் விரலில் ஒட்டிக்கொள்வது சுவருக்கு ஆகாது. அத்தூள் நீரை மிகுதியாகக் கேட்கும். நீர் மிகுந்த சாந்து அதற்கேற்பச் சுருங்கும்.

குழைத்த சாந்தை இரண்டு மணி நேரத்துக்குள் தீர்த்துவிடவேண்டும். உணவு வேளைக்கு முன் குழைத்து வைத்ததில், பிறகு வந்து நீர் ஊற்றிக் கிளறுவது பல இடங்களில் காணும் காட்சி. அதை வீட்டுக்காரர் தடுப்பதில் தவறில்லை.

கல்லின் அளவுக்கு அறை

எட்டு அங்குலக் கல்லின் பெயரளவு 400 × 200 × 200 மில்லிமீட்டர். உண்மை அளவு ஒவ்வொரு புறமும் 10 மில்லிமீட்டர் குறைவு. அந்தக் குறைவே சாந்து மூட்டின் கனம். சாந்தோடு சேர்த்து 16 அங்குல நீளம், 8 அங்குல உயரம் என்று கொள்ளலாம். அறையின் அளவுகளெல்லாம் எட்டு அங்குலத்தின் மடங்காய் அமைந்துவிட்டால் கல்லை வெட்டும் வேலையே இல்லை. செங்கல்லைக் கரணையால் தட்டி உடைத்துக் கொள்ளலாம். ஹாலோ பிளாக்கை அவ்வாறு உடைத்தால் பாதிக் கல் குப்பைக்குப் போகும்.

வெளிப்புறம் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஒரு தறிக் கொட்டகையை எடுத்துக்கொள்வோம். நீளம் 15 கல், அகலம் 9 கல், உயரம் 15 வரி. மூலைகளில் கல் பொதுவாவதால், சுற்றிலும் ஒரு வரிக்கு 46 கற்கள். 15 வரிக்கு 690. நான்கு அடி அகலமும் ஆறு அடி எட்டு அங்குல உயரமும் உள்ள வாசலுக்கு 30 கற்களையும், நான்கு அடிச் சதுர ஜன்னல்கள் மூன்றுக்கு 54 கற்களையும் கழித்தால் 606. நாலாம் வரிக்கு மேல் ஜன்னலை வைத்தால் வாசலின் தலையும் ஜன்னலின் தலையும் பத்தாம் வரியில் ஒன்றாய் முடியும். பதினோராம் வரியைச் சுற்றிலும் ஒரே கான்கிரீட் பட்டையாக ஓட்டிவிடலாம். அதற்கான 46 கற்கள் தொட்டிபோல் குடைந்தவையாக இருக்கவேண்டும். உடைசலுக்கு நூற்றுக்கு ஐந்து சேர்த்து வாங்கினால் போதும். இந்தக் கணக்கைப் போடாமல் பன்னிரண்டே கால் அடி, மூன்றே முக்கால் அடி என்று அளவு குறித்தால், ஒவ்வொரு வரியிலும் ஒரு துண்டுக் கல் வரும். அவ்விடம் சுவரின் பலவீனமாகவும் அமையும்.

கட்டும் வேலை

அஸ்திவாரத் தலையை மட்டம் செய்தபின், சாந்தின்றியே முதல் வரிக் கற்களைச் சுற்றிலும் அடுக்கிப் பார்க்கவேண்டும். கல்லுக்குக் கல் சுண்டுவிரல் கனம் இடைவெளி விட்டு வைத்துக்கொண்டு வந்தால், அளவு பொருந்துகிறதா என்பது அரை மணியில் தெரிந்துவிடும். பிறகு அவற்றை எடுத்துவிட்டு, மூலையிலிருந்து தொடங்கவேண்டும். முதல் வரிக்கு மட்டும் கல்லின் அடிப்பரப்பு முழுதும் படும்படி நிறையச் சாந்து விரித்தல் அவசியம். முதல் வரி மட்டமாக அமைந்துவிட்டால் மற்றவை அதைப் பின்பற்றும். அதில் ஏற்பட்ட கோணலை ஐந்தாம் வரியில் சாந்தைத் தடிப்பாக்கிச் சரிசெய்ய முனைவது வீண்.

நான்கு மூலைகளையும் நாலு வரி உயரத்துக்குப் படிபோல் முன்னே எழுப்பி, தூக்குக் குண்டும் ரசமட்டமும் வைத்துச் சரிபார்த்து, மூலைக்கு மூலை நூல் பிடித்து இடையை நிரப்பவேண்டும். எட்டு அங்குலத்துக்கு ஒரு கோடு கீறிய ஒரு குச்சியை மூலையில் நிறுத்திக்கொண்டால் வரியின் உயரம் தப்பாது. மேல் வரிக் கல்லின் நடு, கீழ் வரியின் நிலை மூட்டுக்கு நேரே வரவேண்டும்.

கல்லைத் திருப்பிப் பார்த்தால் அதன் சுவர்கள் ஒரு முனையில் தடித்தும் மறுமுனையில் மெலிந்தும் இருப்பதைக் காணலாம். அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காக அவ்வாறு வார்க்கின்றனர். தடித்த முனை மேலே இருக்கவேண்டும். அடுத்த வரிச் சாந்து தங்க அங்கேதான் இடம் மிகுதி. ஒரு புறம் மூடி வார்த்த கற்களில் மூடிய புறம் மேலே. இந்தச் சிறிய செய்தியைக் கவனியாது தலைகீழாய் அடுக்கிய சுவர்களை நாம் கண்டிருக்கிறோம். சாந்தில் ஒரு பகுதி பொந்துக்குள் விழுந்து வீணாகிக் கிடந்தது.

சாந்தை எங்கே இடுவது என்பதில் இரண்டு முறைகள் உண்டு. பக்கச் சுவர் இரண்டிலும் குறுக்குத் தடுப்புகளிலும் முழுதாக இடுவது ஒன்று. கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவருக்கு இதுவே வேண்டும். பக்கச் சுவர்கள் இரண்டில் மட்டும் இட்டுத் தடுப்புகளை விட்டுவிடுவது மற்றொன்று. தூண்களுக்கிடையே எழுப்பும் அடைப்புச் சுவர் போன்ற பாரம் குறைந்த இடங்களுக்கு இது ஏற்றது. இதில் ஒரு நயம் இருக்கிறது. வெளிப்புற மூட்டில் புகுந்த மழை நீர் சாந்து வழியாகவே உள்ளே நடந்து வரும். நடுவில் சாந்து இல்லையென்றால் அதற்குப் பாதையில்லை. நூலும் துணியும் வைக்கும் அறையைத் தூண் எழுப்பிக் கட்டுபவர்கள் இம்முறையைக் கருதிப் பார்க்கலாம்.

சாந்தை இரண்டு மூன்று கற்களுக்கு மேல் முன்கூட்டி விரிக்கலாகாது; நம் வெயிலில் அது தோல் கட்டிவிடும். நிலை மூட்டுக்கு, கல்லை நட்டமாக நிறுத்தி அதன் முனையிலுள்ள இரு விளிம்புகளிலும் சாந்தை அழுத்தி ஒட்டி, பிறகு தூக்கி, கீழ்ப் படுக்கையிலும் பக்கத்துக் கல்லிலும் ஒருசேர அழுந்துமாறு வைக்கவேண்டும். கல்லை வைத்துவிட்டு இடுக்கில் மேலிருந்து சாந்தை ஊற்றும் பழக்கத்தை நாம் ஒருபோதும் ஏற்பதில்லை. அவ்வாறு ஊற்றிய மூட்டு வெளியே நிறைந்தும் உள்ளே வெறுமையாகவும் இருக்கும். மழை அதைத்தான் தேடி வரும்.

கரணைக் காம்பால் மெல்லத் தட்டி நூலுக்குக் கொண்டுவருவதெல்லாம் சாந்து பச்சையாக இருக்கும்போதே முடியவேண்டும். இறுகத் தொடங்கியபின் கல்லை அசைத்தால் பிடிப்பு அறுந்துவிடும்; அது மீண்டும் ஒட்டாது. அசைத்தே தீரவேண்டுமானால் கல்லை எடுத்து, பழைய சாந்தை முழுதும் சுரண்டிவிட்டுப் புதுச் சாந்தில் வைக்கவேண்டும். சாந்தின்மேல் கட்டைவிரலை அழுத்தினால் தடம் மட்டும் விழும் பதம் வந்ததும், வளைந்த இரும்புக் கம்பியால் மூட்டுகளை அழுத்தி இழுத்துவிடவேண்டும். வெளியே பூசாமல் விடும் சுவருக்கு இது அழகுக்காக மட்டும் அன்று. விளிம்போடு சாந்தை நெருக்கி நீரைத் தடுப்பதும் இதுவே.

தறிக்கும் தானியத்துக்கும் உரியவை

குழித்தறி போடுபவர்கள் குழியைச் சுவரோரமாகத் தோண்டும் வழக்கம் உண்டு. கால்மிதிக் குழி அஸ்திவாரத்தின் அடிமட்டத்தைத் தொடுமாயின் சுவர் அப்பக்கம் இறங்கும். குழியின் ஆழம் எவ்வளவோ, அதற்குக் குறையாத தொலைவு சுவரிலிருந்து விடுவது பாதுகாப்பு. பாவுக் கயிற்றின் கொக்கியையோ ஜக்கார்டு தாங்கும் மரத்தையோ வெறுங் கல்லில் முளையடித்துப் பிணைக்கலாகாது. கல்லின் பக்கச் சுவர் ஓர் அங்குலத்தைச் சற்றே மிஞ்சிய கனம்தான். எங்கே இழுப்பு வரும் என்பதை முன்னரே கொத்தனாருக்குக் காட்டி, அவ்விடத்துப் பொந்துகளில் அஸ்திவாரத்திலிருந்தே கம்பி நிறுத்திப் பொடி ஜல்லிக் கான்கிரீட் நிரப்பிவிடவேண்டும். மூலைகளிலும் வாசலின் இரு மருங்கிலும் இவ்வாறு செய்வது எவ்வகைக் கட்டடத்துக்கும் நன்று. கம்பியின் கனத்தைப் பொறியாளர் குறித்துத் தரட்டும்.

கிடங்கு கட்டும் விவசாயிகளுக்கு எலியும் கறையானும் பகை. தரைமட்டத்துக்குக் கீழுள்ள பொந்துகளைக் கான்கிரீட் இட்டு அடைக்காவிட்டால், கறையானுக்குக் கூரை மரம்வரை மறைவான பாதையை நாமே போட்டுக் கொடுத்தவர்கள் ஆவோம். தலை வரியைத் திறந்து விட்டால் எலி குடியேறும். கூரை உட்காரும் வரி பொந்தில்லாத கல்லாகவோ, நிரப்பிய கல்லாகவோ இருக்கவேண்டும். பாரம் சீராக இறங்குவதற்கும் அதுவே வழி.

பல தறிகள் வரிசையாக நிற்கும் நீண்ட கொட்டகைகளில், இருபது இருபத்தைந்து அடிக்கு ஒருமுறை சுவரை மேலிருந்து கீழ்வரை நேராகப் பிரித்து, இளகிய பொருளால் அடைக்கவேண்டும். நாம் விடாவிட்டால் சுவர் தனக்கு வேண்டிய இடத்தில் அதை விட்டுக்கொள்ளும்.

கட்டிய சுவரைக் குழாய் வைத்துக் குளிப்பாட்டுவது இன்னொரு செங்கல் வழக்கம். மூட்டுகள் காய்ந்துவிடாதபடி சில நாள் இலேசாகத் தெளித்தால் போதும். மாலையில் வேலை நிறுத்தும்போது சுவரின் தலையைத் தார்ப்பாயால் மூடவேண்டும். ஒரு மழைக்குத் திறந்திருந்தால் பொந்துகளில் தேங்கிய நீர் பல வாரம் சுவரை உலரவிடாது. பூச்சு வேலைக்கும் அவசரம் கூடாது. சுவர் நன்றாக உலர்ந்த பின்னரே பூசவேண்டும். அதற்கும் சிமெண்ட் மிகுந்த கலவை வேண்டியதில்லை.

இவற்றையெல்லாம் மாதக் கணக்கில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகும். ஐப்பசி மழைக்குமுன் கூரை ஏறவேண்டும். ஆவணியில் சுவரைத் தொடங்கினால் புரட்டாசிக்குள் முடிக்கலாம். ஆடியில் வீட்டு வேலை தொடங்க மனமில்லாதவர் நம்மில் பலர். கல் உலர்வதற்கு அந்த மாதத்துக் காற்றைப்போல் உதவுவது வேறில்லை. ஆகவே கல் களத்துக்கு ஆனி பிறந்ததும் முன்பணம் கொடுத்து, வார்த்த தேதியைக் கற்களின்மேல் எழுதி வைக்கும்படி சொல்லிவிடவேண்டும்.